சுவரிலிருந்து பதினோரு அடி

பெரிய கடைத்தெருவுக்கு கான்கிரீட் சாலை போடுவதென்று நகரமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய மறுநாள் காலை, என் தம்பி மகள் என் வீட்டுப் படியேறினாள். வருவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கு அடியில் எந்த இடத்தில் எந்த வால்வு இருக்கிறது என்ற விவரம் இந்த ஊரில் ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. அந்த நோட்டு என் பீரோவில் இருந்தது.

ஊருக்குக் குழாய் வந்த நாளில் முதல் வால்வைத் திறந்தவர் என் அப்பா. குடிநீர்ப் பிரிவின் மேற்பார்வையாளர் என்ற பதவியே அவருக்காக உண்டானது. அவருக்குப் பின் அதே நாற்காலியில் முப்பத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பதவியை நிரப்பாமல் என் மகனைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள். அந்தத் தற்காலிகம் நாலு வருடம் ஓடிவிட்டது. இப்போது நிரந்தரமாக ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். மன்றத்தின் முன் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என் மகன். மற்றொன்று, வரைபடப் பிரிவில் ஒப்பந்த ஊழியராக இருந்த இந்தப் பெண்.

இவளுடைய அப்பா, என் தம்பி, எனக்குக் கீழே, ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்தில் ஃபிட்டராக இருந்தவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தெருவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் எனக்கு வணக்கம் சொல்வார்கள், அவனிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். வணக்கத்துக்கும் அந்தக் கேள்விக்கும் உள்ள தூரத்தை நான் நாற்பது வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன். என் மகன் டிப்ளமோ தேர்வில் இரண்டு முறை தவறினான். தம்பி மகள் ஒரே மூச்சில் தேறி, மேலே ஒரு படிப்பும் படித்தாள். தம்பி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, அவளை என் காலில் விழச் சொன்னான். விழுந்தாள். வாழ்த்தினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“பெரியப்பா, உள்ள வரலாமா?”

“உன் தாத்தா கட்டின வீடு. கேட்டுட்டா வரணும்?”

என் மனைவி அவளுக்கு நாற்காலி போட்டாள். அவள் உட்காரவில்லை. “ரோடு போட்டுட்டா இருபது வருஷத்துக்கு அதுல கை வெக்க முடியாதாம். அதுக்குள்ள தார் மூடிப்போன வால்வு மூடியெல்லாம் தேடி எடுத்து, புது ரோட்டு மட்டத்துக்குத் தூக்கிக் கட்டணும். என்னை வரைபடம் போடச் சொல்லிட்டாங்க. தோண்டுற பொறுப்பு அண்ணனுக்கு. இரும்பைக் கண்டுபிடிக்கற மெஷின் கேட்டு எழுதினாங்க, மூணு மாசம் ஆகுமாம். உங்க நோட்டு இல்லாம ஒண்ணும் நடக்காது பெரியப்பா.”

நோட்டைக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு காரணம். என் நோட்டைப் பார்த்துப் போட்ட படம் என்று நாலு பேர் சொல்லட்டும் என்பது இன்னொன்று. அவள் பக்கங்களைப் புரட்டினாள். ‘பாத்திரக்கடைச் சுவரிலிருந்து கிழக்கே பதினோரு அடி.’ ‘தையற்கடை மூலையிலிருந்து கிழக்கே ஒன்பதரை அடி.’ எல்லாம் இப்படித்தான் இருக்கும். என் அப்பா சுவரிலிருந்து அளந்தார்; நானும் சுவரிலிருந்து அளந்தேன். தேதி போடும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

வாசல் வரை போனவள் திரும்பினாள். “இதுல இருக்கற அளவையெல்லாம் அப்படியே எடுத்துக்கலாமா பெரியப்பா?”

அவள் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அதைத்தான் கேட்கவும் வேண்டும். இந்த வேலையில் இருபது வருடம் இருந்தவனுக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

“அம்பது வருஷமா அதை வெச்சுத்தான் இந்த ஊர் தண்ணி குடிக்குது” என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பதிலும் இல்லை. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு போனாள்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் அந்தத் தெருவை அகலப்படுத்தினார்கள். மேற்கு வரிசையின் நடுவில் இருக்கும் ஏழு கடைகளின் முகப்பை இடித்து ஆறு அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சுவர் உள்ளே போனது. பூமிக்கடியில் இருந்த வால்வு போகவில்லை. பதினோரு அடி என்பது அன்றைக்கே பதினேழு அடி ஆகிவிட்டது. நோட்டில் நான் திருத்தவில்லை. எனக்கு எதற்குத் திருத்தம்? கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராகப் போய் வால்வின் தலைமேல் நிற்பேன். தெருவை அகலப்படுத்தியது கடைக்காரர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆனால் நோட்டிலிருக்கும் அளவு அதற்கும் முந்தியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ முழுங்கிட்டீங்க” என்றாள் என் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம் பீரோவையே பாத்துட்டு நிக்கறீங்க?”

தோண்டத் தொடங்கிய நாள், கிழக்கு வரிசையில் இருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வேலையையும் பார்ப்பார், தெருவையும் பார்ப்பார். வரைபடத்தில் பத்தொன்பது புள்ளிகள். கிழக்கு வரிசையிலும் தெருவின் இரண்டு கோடிகளிலும் சேர்த்துப் பதினான்கு. முதல் நாளே பதினான்கும் அகப்பட்டன. அவள் சுண்ணாம்பில் வட்டம் போடுவாள்; என் மகனின் ஆட்கள் கடப்பாரையைப் போடுவார்கள்; மூன்றாவது குத்தில் ‘டங்’ என்று இரும்பு பேசும். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“தாத்தா கை அப்படியே இருக்கு, பாருங்க” என்றார் கடிகாரக்காரர்.

எங்கள் அப்பாவின் கை. அது எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? எனக்கு வந்ததாக இந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லையே. என் கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கழற்றி அவர் கையில் கொடுத்து, “இது கொஞ்சம் பின்னாடி போகுது, பாருங்க” என்று பேச்சை மாற்றினேன்.

மறுநாள் மேற்கு வரிசைக்கு வந்தார்கள். பாத்திரக்கடை முன்னால் வட்டம் போட்டாள். தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் போயும் மண்தான் வந்தது. தையற்கடை முன்னால் தோண்டினார்கள். அங்கேயும் மண்தான். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அதே கதை. ஐந்து குழிகள், ஒரு மூடியும் இல்லை. கைதட்டிய அதே கூட்டம் இப்போது வேறு வேலையில் இறங்கியது.

“வால்வத் தேடுறீங்களா, புதையலத் தேடுறீங்களா?”

“புதையல்னா இந்நேரம் கவுன்சிலர் வந்திருப்பாரே.”

தையற்காரர் வாசலில் நின்று கத்தினார். “இனிமே அளவு குடுக்க வர்றவங்க குழிக்குள்ள நின்னுதான் குடுக்கணும். நான் கழுத்தளவு மட்டும்தான் எடுக்க முடியும்!”

அவள் சுவரில் டேப்பை வைத்து அளந்தாள். எழுந்துபோய் வடக்கு மூலையிலிருந்து அளந்தாள். மண்டியிட்டு மறுபடி அளந்தாள். மண்வெட்டியில் சாய்ந்து நின்ற என் மகன் தன் ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவனைச் சிரித்த முகத்தோடு பார்த்து எத்தனையோ நாளாயிற்று. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்கூடத் தங்கவில்லை. என் தம்பி வந்தான். குடையை விரித்து மகள் தலைக்கு மேல் பிடித்தான். அவள் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். முதுகு முழுக்க வியர்வை. குடையின் நிழலில் அவன் இல்லவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நகரமன்றக் கூட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. பார்வையாளர் வரிசையில் முதல் நாற்காலி எனக்கென்று எழுதாத வழக்கம். தம்பி பின்சுவர் ஓரமாக நின்றான். தலைவர் மருந்துக்கடை நடத்துகிற பெண்மணி. எதையும் சொட்டு சொட்டாக அளந்துதான் பேசுவார். முதலில் குப்பை வண்டி. பிறகு பேருந்து நிலையத்துத் தெருவிளக்கு. அது எரிகிறதா இல்லையா என்பதில் இரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு சாலை.

“பத்தொம்பதுல அஞ்சு கிடைக்கல” என்றார் இன்ஜினியர். “திங்கக்கிழமை கான்கிரீட் வண்டி வருது. அஞ்சையும் விட்டுட்டுப் போட்டா, பின்னாடி குழாய் உடைஞ்சா பாதி ஊருக்குத் தண்ணிய நிறுத்த வேண்டியிருக்கும்.”

ஒன்பதாம் வார்டு உறுப்பினர் எழுந்தார். அரிசி மண்டிக்காரர், குரலும் மூட்டை கணக்கில்தான் வரும். “வரைபடம் தப்பு, இல்ல அந்த நோட்டு தப்பு. ரெண்டுல ஒண்ணு. எனக்கென்னவோ நோட்டு மேலதான் சந்தேகம். பெரியவர் காலத்துல யாரு போய்ச் சரி பாத்தாங்க? அவரு சொன்னதுதானே சட்டம். மூணு தலைமுறை மூணு தலைமுறைன்னு தலைல தூக்கி வெச்சு ஆடிட்டோம்.”

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. இது நான் எதிர்பாராதது. பழி அவள்மேல் விழும் என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன். என் நோட்டு சந்திக்கு வரும் என்று நினைக்கவில்லை. என் மகனைப் பார்த்தேன். ஊழியர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து ‘எங்க அப்பா நோட்டு சரிதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டு தப்பென்றால் வரைபடமும் தப்பு, பதவி அவனுக்கு. அவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

எழுந்தது அவள்.

“நோட்டுல தப்பு இல்லீங்க. எங்க பெரியப்பா அளவு தப்பாது. நான் டேப் பிடிச்சதுலதான் எங்கயோ தப்பு நடந்திருக்கு. என் பேர்லயே எழுதிக்கங்க.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யோசிச்சுச் சொல்லும்மா. இதுக்கப்புறம் எடுக்கப்போறது உன் நியமனம்.”

“யோசிச்சுத்தாங்க சொல்றேன்.”

அவளுக்கு உண்மை தெரியாது. எங்கே தவறியது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டும் அகப்படவில்லை. தெரியாத தப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள், என் பெயரில் கறை படக்கூடாது என்று. நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அவன் முகத்திலோ அவள் முதல் வகுப்பில் தேறிய நாளில்கூட நான் காணாத பெருமிதம். என் மகன் எனக்கு அப்படி ஒரு முகத்தை ஒரு நாளும் கொடுத்ததில்லை.

நான் நியாயத்துக்காக எழுந்ததாகச் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை. தம்பி வீட்டிலிருந்து என் மானத்துக்குப் பிச்சை வருகிறது; அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் எழுந்தேன்.

“அந்தப் பொண்ணு அளந்தது சரி” என்றேன். “நோட்டும் சரி. சுவர்தான் மாறிப்போச்சு.”

சொல்லி முடித்தேன். தெருவை அகலப்படுத்தியது, ஏழு கடைகள், ஆறு அடி, பதினோரு அடி பதினேழு ஆன கதை, எல்லாம்.

தலைவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நல்ல மனுஷி. “வயசாச்சு, ஐயா. இது உங்களுக்கு இப்பதான் ஞாபகம் வந்திருக்கும், இல்லையா?”

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஊரே ‘பாவம், பெரியவர்’ என்று விட்டுவிடும். ஆனால் மறதிக்காரன் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு இந்தப் படிகளில் இறங்குவதா? என் அப்பாவின் மகனா அதைச் செய்வான்?

“மறந்தாத்தானே ஞாபகம் வரும்? எனக்கு எதுவும் மறக்கல.”

“அப்ப, அந்தப் பொண்ணு நோட்டு வாங்க வந்த அன்னைக்கே...”

“தெரியும்.”

அரிசி மண்டிக்காரர்கூட உட்கார்ந்துவிட்டார். என் மகனின் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டத்தை ஒரு மணி நேரம் ஒத்திவைத்து எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். நான் போகவில்லை, அதே நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பாத்திரக்கடைச் சுவரிலிருந்து பதினேழு அடியில், முழங்கை ஆழத்தில் மூடி இருந்ததாகப் பியூன் ஓடிவந்து சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் திரும்பி வந்து நியமனத்துக்கு வாக்கெடுத்தார்கள். பன்னிரண்டு கைகள் அவளுக்கு உயர்ந்தன. ஐந்து என் மகனுக்கு. அந்த ஐந்தும் எனக்குக் கடமைப்பட்ட வீடுகள்.

படிக்கட்டில் தம்பி காத்திருந்தான். கும்பிடு போடுவான், ‘அண்ணே, காப்பாத்திட்டீங்க’ என்பான் என்று நினைத்து, அதைத் தட்டிவிட ஒரு வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன்.

“மூணு நாளு” என்றான். அவன் என் எதிரில் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. “மூணு நாளு எம் பொண்ணு நடுத்தெருவுல மண்டி போட்டா. ஊரே சிரிச்சுது. நீங்க எதிர்க்கடைல உக்காந்து பாத்தீங்க.”

“பாத்தேன்.”

“எம் மேல என்னண்ணே உங்களுக்கு அவ்வளவு? நான் உங்களுக்கு முன்னாடி உக்காந்ததுகூட இல்லையே.”

தயாராக வைத்திருந்த வார்த்தை இதற்குப் பொருந்தவில்லை. அவன் இறங்கிப் போனான். தெருமுனையில் யாரோ அவனை நிறுத்தி, தோளைத் தட்டிப் பேசினார்கள். படியில் என்னைக் கடந்து போன இரண்டு பேர் வணக்கம் சொல்லவில்லை.

வீட்டில் என் மகன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசினான். “நோட்டு சரின்னு ஊருக்கே காட்டிட்டீங்க. உங்களுக்கு அது போதும்ல?”

“வேற என்ன செய்யச் சொல்றே?”

“மொதல்லயே அவகிட்ட சொல்லியிருக்கலாம். இல்லேன்னா கடைசிவரைக்கும் சொல்லாம இருந்திருக்கலாம். ரெண்டுல ஒண்ணு அப்பா. ரெண்டுமே எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவள் எனக்குத் தட்டு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஓய்வூதியத்துக்கான வருடாந்தரக் கையெழுத்துப் போட அலுவலகம் போனேன். கடைத்தெரு வெள்ளையாக, நீளமாகக் கிடந்தது. அதில் பத்தொன்பது இரும்பு மூடிகள், ஒவ்வொன்றிலும் எண் அடித்திருந்தது. எண் அடிக்கும் யோசனை எனக்கு முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. எண்களைப் படிக்காமல் நடந்தேன்.

குடிநீர்ப் பிரிவு அறை வாசலில் ஏணி போட்டுப் பெயர் எழுதுகிறவர் நின்றிருந்தார். மேற்பார்வையாளர்களின் பெயர்ப்பலகை. முதல் வரி என் அப்பா. இரண்டாவது வரி நான். மூன்றாவது வரிக்குப் பென்சிலில் கோடு கிழித்துவிட்டு, பிரஷ்ஷை டப்பாவில் முக்கியபடி என்னைப் பார்த்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க ஐயா. மேடம் பேரு தெரியும். இனிஷியல் என்னன்னு தாளுல அழிஞ்சிருக்கு. வீட்டுக்குப் பெரியவரு, நீங்களே சொல்லிடுங்க.”

இனிஷியல் என்றால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து. என் தம்பியின் எழுத்து. என் அப்பாவுக்கும் எனக்கும் கீழே, என் வீட்டுப் பலகையில்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அவள் தொலைபேசியில் யாருக்கோ நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

எழுத்தைச் சொன்னேன். அவர் எழுதினார்.

“கொஞ்சம் சின்னதா எழுதினா இடம் மிச்சமாகுமே” என்றேன்.

“அது முடியாதுங்க ஐயா. எல்லா வரியும் ஒரே அளவுலதான் இருக்கணும்னு ஆபீஸ் உத்தரவு.”

நான் சரி என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவர் அவள் பெயரைக் கடைசி எழுத்து வரை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.